பிறந்த நாளும் டின் அன்னாசிக் கேக்கும்



தம்பிலுவில்ல படிப்பிக்கிற எனக்கு போன மாதம் ஒரு பிள்ளை பாடம் படிப்பிச்சிது. பிறந்த நாளன்று பாடசாலைக்கு வரல்ல. மறுநாள் கேட்டேன்.

"கேக் ஓடர் பண்ணக் காசில்ல சேர்."

முதல்நாள் "நாளைக்கு கேக்கா?" என்று பகிடியாகக் கேட்டது நான்தான்.

கேக் எப்போது கடைச் சாமானாச்சு? எங்க உம்மா பெருநாளைக்குச் செய்தது ராத்தல் கேக். மா, சீனி, மாஜரின், முட்டை நாலும் ஒரே நிறை. தட்டில சீனி தூவி, பாணி வடிச்ச டின் அன்னாசியை அடுக்கி, மேல கலவையை ஊத்துவா. பேக்கரிப் போறணையில கொடுத்துச் சுட்டெடுப்போம். டின் பழம் முன்னமே வெந்தது. பச்சைப் பழம் மாதிரி நீர் விட்டுக் கேக்கைச் சதசதக்க வைக்காது. சூட்டோட கவிழ்த்து, வடிச்ச பாணியில கொஞ்சம் ஊத்தினா அடுத்த நாளும் காயாது. பாதி தமிழ் அயலவர் வீட்டுக்குப் போகும். அந்தத் தட்டு பொங்கலுக்கு வெறுமையாகத் திரும்பினதில்ல.

2022 செப்டம்பர்ல கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அந்த அடியிலிருந்து இன்னும் எழும்பாத வீடுகள் எங்க வகுப்பறைகள்ல இருக்கு. அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால, பெயரெழுதின ஐசிங் கேக்கை வெட்டிப் போட்டோ எடுக்கிறம்.

"எங்கட காசு, எங்கட பிள்ளை" என்பீங்க. சரி, வீட்டில வெட்டுங்க. வகுப்பு எல்லாருக்கும் சொந்தம்.

மாதத்துக்கு ஒரு கேக், வீட்டில செய்தது, அந்த மாதம் பிறந்த எல்லாருக்கும். அது போதும். முதல் கேக் என்னுடையது. டின் அன்னாசி வாங்கி வெச்சிட்டேன்.