பெயர் வைக்குமுன் உஷார்!

கல்வராயன் மலையின் சாமையும் தினையும், தேனும் புளியும் கடுக்காயும் வெகுகாலமாக வியாபாரியின் மூட்டையில் ஏறி, வியாபாரியின் பெயரிலேயே சந்தைக்குப் போய் வந்தன. விளைவித்தவன் பெயர் வாங்குபவனுக்குத் தெரியாது. இன்று குழுவாகவும் சங்கமாகவும் சேர்ந்து, தரகனை விலக்கிவிட்டு, இணையதளம் வழியாக நேரே விற்கும் வழி பிறந்திருக்கிறது. இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் இணையதளத்துக்கு ஒரு பெயர் வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. விவரம் தெரியாமல் அதில் விழுந்தால், பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும்.

மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைத் தொழிலாளரைக் கேட்டுப் பாருங்கள். மூட்டையின்மேல் ஆலையின் பெயர் எதற்கு? சரக்கு யாருடையது என்று வாங்குபவன் அந்தப் பெயரைக் கொண்டுதான் தெரிந்துகொள்கிறான். டிரேட் மார்க் என்பதன் அடிப்படை இதுவே. இணையதளத்தின் பெயரும் இதே வேலையைத்தான் செய்கிறது.

பணம் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டால் அது நமக்கே சொந்தம் என்று பலர் எண்ணுகிறார்கள். இது தவறு. பதிந்து தரும் கம்பெனி, அச்சு அசலாக அதே பெயரை வேறொருவர் எடுத்திருக்கிறாரா என்று மட்டுமே பார்க்கும். முந்தி வந்தவருக்குக் கொடுத்துவிடும். அந்தப் பெயரில் ஏற்கெனவே மாவு விற்பவர் உண்டா, டிரேட் மார்க் வைத்திருப்பவர் உண்டா என்று அது பார்ப்பதில்லை. கோர்ட்டோ வேறு கேள்வி கேட்கிறது: சந்தையில் இந்தப் பெயருக்கு முதலில் மதிப்புத் தேடியவர் யார்?

இது வெறும் ஊகமல்ல. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே கம்பெனி, தன் பெயரிலிருந்து 'சிஃபி' என்ற சொல்லை உண்டாக்கி, 1999 ஜூனில் 'சிஃபிநெட்' முதலான இணையப் பெயர்களைப் பதிந்தது. பிறகு 2001ல் வேறொரு கம்பெனி, ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்தைக் கூட்டி, 'சிஃப்பிநெட்' என்ற பெயரில் இணையத்துக்கு வந்தது. தன்னைத் தொடங்கிய ஐந்து பேரின் முதலெழுத்துக்களே அந்தப் பெயர் என்றது. தன் தொழிலே வேறு என்றது. பெங்களூர் சிவில் கோர்ட் அதற்குத் தடை விதித்தது. கர்நாடக ஹைகோர்ட் தடையை நீக்கியது. 2004 மே 6ந் தேதி சுப்ரீம் கோர்ட் மீண்டும் தடை விதித்தது. இணையப் பெயர்களுக்கென்று நாட்டில் தனிச்சட்டம் இல்லை. ஆயினும் பிறர் சரக்கைத் தன் சரக்கென்று காட்டி விற்பதைத் தடுக்கும் டிரேட் மார்க் நீதி இங்கும் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

'யாஹூ' என்ற பெயருக்குப் பின்னால் 'இந்தியா' என்று ஒட்டிக்கொண்டவருக்கும், 1999லேயே டில்லி ஹைகோர்ட் தடை விதித்தது. பெரிய பெயரின் வாலைப் பிடித்துக்கொண்டு கரையேற முடியாது என்பதே இவற்றின் பாடம்.

பணக்காரக் கம்பெனிகள் இப்படி வழக்காடிக்கொள்ளட்டும். நமக்கென்ன என்று இருக்கலாமா? கூடாது. அவர்கள் தோற்றால் வேறு பெயரில் கடை திறப்பார்கள். கூலிக்காசைச் சேர்த்துப் பை அச்சடித்து, நாலு வருஷம் பாடுபட்டு வாடிக்கை பிடித்த குழுவுக்கோ, பெயர் போனால் வாடிக்கையும் போகும்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, பை அச்சடிக்குமுன் தேடுங்கள். டிரேட் மார்க் பதிவேட்டை இணையத்தில் காசின்றிப் பார்க்கலாம். சரக்குகளும் சேவைகளும் அதில் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. தேன், மாவு, அரிசி, ஜவ்வரிசி எல்லாம் 30வது வகுப்பு. எழுத்தை மட்டுமல்ல, ஒலியையும் பாருங்கள். பதியாத பெயருக்கும் உரிமை உண்டு என்பதால், கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம் கடைகளில் தொங்கும் பொட்டலங்களையும் பார்த்து வாருங்கள்.

இரண்டாவது, சொந்தமாக ஒரு சொல்லை உண்டாக்குங்கள். 'தேன்', 'சாமை' என்பவை எல்லோருக்கும் பொது. ஊர்ப்பெயரை மட்டும் கொண்ட சின்னத்தையும் சட்டம் எளிதில் பதிய விடாது. 'கல்வராயன் தேன்' என்று மட்டும் வைத்தால், நாளை வேறொருவன் அதே பெயரில் வந்தால் தடுப்பது கடினம். மலையின் பெயரோடு உங்கள் சொல்லும் சேரட்டும். மரச்சிற்பம் விற்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021ல் புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. அந்தப் பெயரை உபயோகிக்க உரியவராகப் பதிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, இணையப் பெயரோடு டிரேட் மார்க்கையும் பதியுங்கள். சென்னை கிண்டியில் அதன் அலுவலகம் இருக்கிறது. இணையம் வழியாக மனுச் செய்தால், ஒரு வகுப்புக்குத் தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் 4,500 ரூபாய். மற்றவருக்கு 9,000 ரூபாய். ஒருமுறை பதிந்தால் 10 ஆண்டு செல்லும். இரண்டும் சங்கத்தின் பெயரிலேயே இருக்கட்டும். தளம் அமைத்துத் தருபவன் பெயரில் விட்டுவைத்தால், பழைய தரகன் போன வாசலில் புதிய தரகன் நுழைவான்.

நான்காவது, வக்கீல் நோட்டீஸ் வந்தால் மிரளாதீர்கள், அலட்சியமும் செய்யாதீர்கள். 'டாட் இன்' பெயர்களுக்கு நிக்சி என்ற அமைப்பின் விதிப்படி நடுவர் விசாரணை உண்டு. 'டாட் காம்' தாவாவில் பதில் சொல்ல 20 நாள்தான். பெயர் குழப்பம் தருவது என்று மட்டும் காட்டினால் போதாது. உங்களுக்கு நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு நடந்தீர்கள் என்றும் எதிர்த்தரப்பு காட்ட வேண்டும். பெரிய கம்பெனி கெட்ட எண்ணத்தோடு தாவா போட்டதென்று நடுவர் கண்டால், அதையும் வெளிப்படையாக அறிவிக்க இடமுண்டு. ஆகவே முதல் விற்பனை ரசீது, பை அச்சடித்த பில், பெயரைத் தீர்மானித்த கூட்டத்தின் மினிட் புத்தகம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். அவையே உங்கள் சாட்சி.

பெயருக்கு மதிப்புத் தருவது உழைப்பு. மலையேறித் தேனெடுத்தவனும், சாமை குத்தியவளும் தேடிய நற்பெயர் அவர்களிடமே நிற்க வேண்டும். அதற்கு அடுத்தவன் பெயரைத் தொடாதிருக்க வேண்டும். நம் பெயரை அடுத்தவன் தொடவும் விடக்கூடாது. இந்த மாதக் கூட்டத்திலேயே ஒவ்வொரு குழுவும் இதை எடுத்துப் பேசி முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.