குடிசை நின்ற மண் யாருடையது?

நிலச் சீர்திருத்தம்னு சொன்னாலே, 'அது விவசாயம் படிக்கிறவன் சமாச்சாரம்' என்று நம்மாளுங்க நழுவிவிடுகிறார்கள். செயின் பிடித்து சர்வே படிக்கிற சிவில் பசங்களாவது யோசிக்க வேண்டாமா? நிலத்தில் விழுகிற கோடு, ஒரு மனிதன் யாருக்குப் பயந்து ஓட்டுப் போடுவான் என்பதைக்கூடத் தீர்மானித்திருக்கிறது.

கீழத்தஞ்சையைப் பாருங்கள். 1952 பொதுத்தேர்தலில் மிராசுதாருக்கும் ஒரு ஓட்டு, பண்ணையாளுக்கும் ஒரு ஓட்டு. ஆனால் பண்ணையாளின் குடிசை நின்ற மண் மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் வேலையோடு வீடும் போச்சு! அப்புறம் என்ன குடியரசு? அரசியலில் சமத்துவம், வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வு என்ற இந்த முரண்பாட்டைத்தான் 1949 நவம்பர் 25-ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார்.

சட்டம் வராமலில்லை. 1952-ல் ராஜாஜி அரசின் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம். 1961-ல் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று உச்சவரம்பு. 1970-ல் அது 15 ஆனது. கேட்க நல்லாத்தான் இருக்கு. விதிவிலக்கு, அறக்கட்டளை, பினாமி என்று எத்தனை சந்து! ஏராளமான நிலம் அதிலேயே நழுவிவிட்டது.

இடையில் 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி நெல் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டார்கள். செங்கொடியை இறக்க மறுத்தார்கள். ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம்.

1971-ல், விவசாயத் தொழிலாளியின் குடியிருப்பு மனையை அவனுக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. என்னைக் கேட்டால், உச்சவரம்பைவிட இதுதான் பெரிசு. வயல் கைக்கு வரவில்லை, சரி. ஆனா 'காலி பண்ணுடா' என்று சொல்லும் உரிமை மிராசுதாரின் கையைவிட்டுப் போனதே! செங்கொடிச் சங்கம் 1940-களிலேயே அவனைத் 'தோழர்' என்று கூப்பிட்டுவிட்டது. அந்தப் பெயரோடு தைரியமாக ஊரில் குடியிருக்க இடம் தந்தது பட்டா. தன் வாசலில் எந்தக் கொடியை நடுவது என்று அவனே முடிவு செய்யலாம். அரசியல் அடையாளம்னு மேடையில் முழங்குகிறார்களே, அது இப்படித்தான் பிறக்கிறது. (சாதி இதனால் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை.)

இன்னொன்று. 'அவன், அவன்' என்றே எழுதிக்கொண்டு வந்தேன், கவனித்தீர்களா? பட்டாவும் பெரும்பாலும் அவன் பேரில்தான் இருந்தது. நாற்று நட்ட அம்மாவின் பேர் எங்கே? 1981-ல் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் தொடங்கிய லாப்டி அமைப்பு, இதே தஞ்சை மண்ணில் மிராசுதார்களிடம் நிலத்தை விலைபேசி வாங்கி, நிலமில்லாத குடும்பங்களுக்குப் பெண்கள் பேரிலேயே பதிந்து கொடுத்தது.