தோட்டப்புறக் கடைகளின் உணவு விலையை வாரந்தோறும் பதிவுசெய்யக் கோரும் மனு

பெறுநர்: மாவட்டச் செயலாளர் அவர்கள், மாவட்டச் செயலகம், நுவரெலியா.
பிரதி: தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை.



ஹட்டன் பகுதித் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் பெண்களின் சங்கம் சார்பில் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். எங்கள் நாட்சம்பளமோ 2021 மார்ச்சில் நிர்ணயித்த 1,000 ரூபாயிலேயே நின்றது. உணவுப் பாதுகாப்பின்மை தோட்டப்புறத்திலேயே மிக அதிகம், இங்கு பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் அதில் சிக்கியுள்ளன என்று 2022இல் உலக உணவுத் திட்டம் கூறியது. ஆனால் லயத்துக் குடும்பம் ஒரு கிலோ கோதுமை மாவுக்கு என்ன விலை கொடுத்தது என்பதைக் கொழும்பு எண் சொல்லாது.

மத்திய வங்கியின் நாளாந்த விலை அறிக்கை புறக்கோட்டை, தம்புள்ளை, நாரஹேன்பிட்டி போன்ற சந்தைகளைப் பார்க்கிறது. தேசிய நுகர்வோர் விலைச்சுட்டெண் எல்லா மாகாணங்களையும் சேர்த்தாலும், மாதம் ஒருமுறை, நாட்டுக்கே ஒரே எண்ணாக வருகிறது. நாங்கள் வாங்கும் முறை வேறு. 10ஆம் திகதியளவில் சம்பளம்; மாதக் கடைசியில் கடன் கொப்பியில்தான் சாமான். மாவை 250 கிராமாகவும் எண்ணெயைச் சிறு போத்தலிலும் வாங்குகிறோம்; அப்படி வாங்கும்போது கிலோ விலையைவிடக் கூடுதலாகவே கொடுக்கிறோம். கொழும்பில் விலை இறங்கிய செய்தி வந்த பிறகும் டவுனுக்குத் தூரமான தோட்டக் கடைகளில் பழைய விலை நீடிக்கிறது. ரொட்டிக்கான கோதுமை இந்நாட்டில் விளைவதில்லை. டொலர் ஏறும்போதெல்லாம் எங்கள் பிள்ளைகளின் சாப்பாடு குறைகிறது.

ஆகவே ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை டவுன்களிலும் தெரிந்தெடுத்த தோட்டக் கடைகளிலும் அரிசி, கோதுமை மா, பருப்பு, தேங்காய், சீனி, எண்ணெய் விலைகளை வாரந்தோறும் பதிய வேண்டும். சில்லறை அளவின் விலையையும் கடன் விலையையும் தனியே குறிக்க வேண்டும். ஒரு நாட்சம்பளத்தில் எத்தனை கிலோ மா வாங்கலாம் என்ற கணக்கும் அதில் சேர வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தைக்கு இதைவிட நேரான சான்று இல்லை. அறிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் கிராம உத்தியோகத்தர் அலுவலகங்களிலும் கொழுந்து மடுவங்களிலும் ஒட்ட வேண்டும். விலை திடீரென ஏறும் வாரத்திலேயே கடைகளைப் பரிசோதிக்கவும், அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்காத குடும்பங்களுக்கு உலர் உணவு வழங்கவும் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். பசி முற்றிய பிறகு வரும் கணக்கெடுப்பு எங்களுக்கு உதவாது.

பயிற்சி தந்தால் விலை குறிக்கும் வேலையில் எங்கள் உறுப்பினர்கள் துணை நிற்பார்கள். இதுபற்றிப் பேச ஒரு மாதத்துக்குள் நேரம் ஒதுக்கி, தமிழில் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவி, செயலாளர், பொருளாளர்
ஹட்டன்