தகுதியைத் தவணைக்கு விற்கும் கடைகள்

பிளஸ் டூ மதிப்பெண் உற்பத்திக்குப் பேர்போன பகுதி நம்முடையது. நாமக்கல் உறைவிடப் பள்ளிகளை 'பிராய்லர் பள்ளி' என்று ஊரே கேலி செய்தபோதும் வாசலில் நின்ற வரிசை குறையவில்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தாவிவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்பையே உருப்போட வைத்த முறை அது. 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்ததும் அந்தப் பருப்பு அங்கே வேகவில்லை. ஆனால் அந்த வியாபார மூளை ஓயவில்லை. சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு என எந்தப் பேருந்து நிலையத்தைச் சுற்றினாலும் இப்போது கண்ணில் படுவது கிளவுட், நெட்வொர்க்கிங், சைபர் செக்யூரிட்டி பயிற்சி மையங்களின் பலகைகள்தான். 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' என்ற வரி எல்லாவற்றிலும் இருக்கும்.

இந்தப் பலகைகள் யாரைப் பார்த்துப் பேசுகின்றன? மாமா பெங்களூரில் மேனேஜராக இருக்கும் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து அல்ல. அவனுக்கு எந்தத் தேர்வு எழுத வேண்டும், எதற்குக் காசு கொட்டக் கூடாது என்பது சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடுகிறது. தறிக்கும் செங்கல் சூளைக்கும் போகும் பெற்றோரின் மகள், முதல் தலைமுறைப் பட்டதாரி, யாரிடம் கேட்பாள்? விளம்பரப் பலகையிடம்தான் கேட்கிறாள். அந்தக் கேள்விக்கான கட்டணம் நகை அடகாகவும் மைக்ரோ ஃபைனான்ஸ் வாரத் தவணையாகவும் வீட்டுக்கு வருகிறது. பள்ளிபாளையத்தில் கடனை அடைக்க விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகம் விற்ற செய்தி 2025இல்தான் வெளிவந்தது. கடன் என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் என்ன பொருள் என்று அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

ஆகவே தோழர்களே, கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். பயிற்சி வேறு, தேர்வு வேறு. சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. தேர்வுக்கு 300 டாலர், நம் பணத்தில் 25,000 ரூபாயைத் தாண்டும். அமேசானின் தொடக்கநிலை கிளவுட் தேர்வுக்கு 100 டாலர். இரண்டு சான்றிதழும் மூன்று ஆண்டுகள்தான் செல்லும். இந்தத் தேர்வுகள் கண்காணிப்போடு நடக்கின்றன. பயிற்சி மையம் தன் முத்திரை குத்தித் தரும் தாள் 'கலந்துகொண்டார்' என்பதற்கு மட்டுமே சாட்சி. பல மையங்கள் வாங்கும் பெருந்தொகையில் தேர்வுக் கட்டணமே சேராது. சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

இன்னொரு சரக்கும் அங்கே விற்கப்படுகிறது: 'டம்ப்ஸ்'. தேர்வில் வரும் வினாக்களைத் திருட்டுத்தனமாகத் திரட்டி உருப்போட வைப்பது, அதாவது பிராய்லர் முறையின் கணினிப் பதிப்பு. சிக்கினால் நிறுவனம் சான்றிதழை ரத்து செய்து, மறுபடி எழுதவும் தடை போடும். சிக்காவிட்டாலும் நேர்காணலில் ஒரு சப்நெட் கணக்கைப் போடச் சொன்னால் குட்டு உடைந்துவிடும். அப்போது 'இவர்களுக்கு எங்கே திறமை' என்று உதடு பிதுக்கக் காத்திருப்பவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். ரெட் ஹேட்டின் லினக்ஸ் தேர்வு போன்றவற்றில் கொள்குறி வினாவே கிடையாது, ஓடும் கணினியில் வேலையைச் செய்து காட்ட வேண்டும். மனப்பாடம் அங்கே செல்லாது.

பாடங்களோ பெரும்பாலும் இலவசம். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் பாடமும் உண்டு, ரவுட்டர் வாங்காமலேயே வலையமைப்பைக் கட்டிப் பழக பேக்கெட் டிரேசரும் உண்டு. மைக்ரோசாஃப்ட், அமேசான் இரண்டும் தங்கள் பாடங்களில் பெரும்பகுதியைத் திறந்தே வைத்திருக்கின்றன. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியலில் லினக்ஸும் பைத்தானும் தமிழிலேயே கிடைக்கின்றன. என்.பி.டி.இ.எல். பாடங்களுக்குக் கட்டணம் இல்லை; தேர்வுக் கட்டணத்திலும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் பாதி சலுகை. அரசு கொடுத்த பழைய மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றினால் பயிற்சிக்கூடம் தயார்.

இலவசப் பாடத்தில் கிடைக்காதது ஒன்று உண்டு: சந்தேகம் கேட்க ஒரு ஆள். தனியாக வீடியோ பார்த்துப் பாதியில் விடுகிறவர்களைச் சோம்பேறி என்று திட்டுவது சுலபம். வீட்டில் ஒரே அறை, ஒரே கைபேசி என்றால் யார்தான் தாக்குப்பிடிப்பார்கள்? மையத்துக்குப் போகும் பலர் உண்மையில் வாங்குவது பாடத்தை அல்ல, ஒரு நாற்காலியையும் பக்கத்தில் நாலு பேரையும். அதை நாமே ஏற்பாடு செய்துகொள்ள முடியும். 1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமானது சேலத்தில்தான். செய்தித்தாளை உரக்கப் படித்து விவாதித்த படிப்பகங்களில் வளர்ந்த இயக்கம் அது. சேரிகளில் அம்பேத்கர் படிப்பகங்கள் இன்றும் இருக்கின்றன, பல ஏப்ரல் 14க்கு மட்டும் திறக்கப்படுகின்றன. அங்கே இரண்டு கணினி, ஒரு இணைய இணைப்பு, மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை ஐந்து பேர், வேலையில் இருக்கும் ஒரு தோழர் ஞாயிறுதோறும் கைபேசி வழியாக. ஒரு மையத்தில் ஒருவர் கட்டும் தொகைக்குள் இது முடிந்துவிடும்.

சான்றிதழ் வாங்கினால் சாதி ஒழிந்துவிடுமா என்று கேட்பவர்களுக்கு: ஒழியாது. தோரட்டும் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தகுதி ஒன்றாக இருந்தும் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆனால் 2009இல் வெளியான டெல்லி ஆய்வு ஒன்றில், கால் சென்டர் வேலைகளில் தெரிந்த சாதி வேறுபாடு மென்பொருள் வேலைகளுக்கான அழைப்பில் தெரியவில்லை. திறனைச் சோதித்துப் பார்க்க முடிகிற இடத்தில் 'குடும்பப் பின்னணி' கொஞ்சம் பின்வாங்குகிறது என்று இதை நான் வாசிக்கிறேன். அந்தக் கொஞ்சத்தை நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

அது வாசல் வரைக்கும்தான். சி.சி.என்.ஏ. தரும் அதே சிஸ்கோ மீது 2020இல் கலிபோர்னியா அரசுத் துறை சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தது. நிறுவனம் மறுத்தது. 2023இல் இரு மேலாளர்கள் மீதான வழக்கைத் துறையே திரும்பப் பெற்றாலும், நிறுவனத்தின் மீதான வழக்கைக் கைவிடவில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? ஓமலூர் கோகுல்ராஜ் பொறியியல் பட்டதாரி. 2015 ஜூனில் அவரைக் கொன்றவர்களுக்கு அவர் கையில் இருந்த பட்டம் ஒரு பொருட்டாகவே இல்லை.

எனவே பயிற்சியோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை இருக்கின்றன. தாட்கோ பயிற்சி நடத்துகிறது, 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' கல்லூரிகளுக்குள் பாடம் நடத்துகிறது. நல்லதுதான். பயிற்சி மையங்களுக்கு அரசு தரும் பணத்தில் ஒரு பகுதி மாணவர் கையில் தேர்வுக் கூப்பனாக நேரடியாக வரட்டும். எத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள் என்பதோடு எத்தனை பேர் கண்காணிப்புத் தேர்வில் தேறினார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்று மாவட்டவாரியாக, சமூகவாரியாகக் கணக்கு வெளியாகட்டும். 2024இல் சேலத்தில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அரசு நிலத்தில், அரசு கட்டிய கட்டடத்தில் இடம் பிடிக்கும் நிறுவனங்கள் யாரை வேலைக்கு எடுக்கின்றன என்று கேட்கும் உரிமை அந்த மாவட்டத்துச் சேரிக்கு உண்டு. தனியார் துறை இடஒதுக்கீட்டுக் கோரிக்கையை அந்த வாசலிலிருந்தே எழுப்பலாம்.