கை கூடியது, ஆபத்து போகவில்லை!

ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல். தென்காசித் தெருக்களும் நனைந்து கிடக்கும். வாசல்படி வழுக்கும். பாட்டி விழுகிறார். மணிக்கட்டு முறிகிறது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுகிறார்கள். சில வாரங்களில் கட்டைப் பிரிக்கிறார்கள். "குணமாகிவிட்டது" என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்கள்.

குணமாகவில்லை. கை கூடிவிட்டது, அவ்வளவுதான்.

நின்ற இடத்தில் விழுந்ததற்கே முதியவரின் எலும்பு முறிந்தால், எலும்பு மெலிந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். இந்த மெலிவுக்கு டாக்டர்கள் வைத்த பெயர் ஆஸ்டியோபொரோசிஸ். இதற்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை. முறியும் வரை தெரியாது. ஒருமுறை முறிந்தவருக்கு மறுபடியும் முறியும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதல் 2 ஆண்டுகளில் ஆபத்து மிக அதிகம்.

இடுப்பு முறிந்து வருகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு, அதற்கு முன்பே வேறு எலும்பு முறிந்திருக்கிறது. அப்போதே கவனித்திருக்கலாம். இடுப்பு முறிந்தால் பாட்டி படுக்கையில் விழுவார். அவரைப் பார்த்துக்கொள்ள மருமகள் பீடி சுற்றுவதை நிறுத்துவார். வீட்டு வரும்படியும் குறையும்.

கேட்க ஓர் ஆள்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1990-களின் கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். எலும்பு முறிந்து வரும் முதியவர்களை ஒரு நர்ஸ் விடாமல் பின்தொடர்வார். எலும்பின் அடர்த்தியை அளக்கும் "டெக்சா" பரிசோதனை, மருந்து எல்லாவற்றுக்கும் அவர் பொறுப்பு. இது பல நாடுகளுக்கும் பரவியது.

தென்காசி 2019-ல் தனி மாவட்டம் ஆனது. இங்கும் மாவுக்கட்டைப் பிரிக்கும் நாளில், "ஏன் முறிந்தது?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். பெரிய கட்டிடம் தேவை இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் தொடங்கியபோது, ஊழியர்கள் வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்தார்கள். அப்படிப் போகிறவர்கள், "இந்த வீட்டில் யாராவது விழுந்தார்களா?" என்றும் கேட்கலாமே!

வீட்டாருக்கும் வேலை உண்டு. குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி; இரவில் ஒரு விளக்கு. கேழ்வரகு, பால், கீரை, காலை வெயில். அருவிக்குப் போனால் பாசி பிடித்த பாறையில் முதியவரைத் தனியே விடக்கூடாது. எலும்பு மெலிந்தவருக்கு முரட்டு எண்ணெய் மசாஜும் வேண்டாம்.

சாப்பாடு மட்டும் போதாது. பலருக்கு மருந்தும் தேவைப்படும். யாருக்கு எது என்பதை டாக்டர் சொல்வார். வாரம் ஒருமுறை சாப்பிடும் மாத்திரை உண்டு. வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீருடன் விழுங்க வேண்டும். அதன்பின் அரைமணி நேரம் படுக்கக்கூடாது. வலி இல்லையே என்று பலர் இதைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது.