மேசைக்கு முதலில் ஒரு போர்டு



வீட்டின் ஒரு மூலையில் மேசை போட்டு, சால்டரிங் அயனும் மல்டிமீட்டருமாக உட்காருபவர்கள் நம் வாசகர்களில் ஏராளம். நீங்கள் அனுப்பும் படங்களில் மேசை அழகாகவே இருக்கிறது. ஆனால் அதன் கீழே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடக்கிறது. அயன், டேபிள் லேம்ப், பவர் சப்ளை, மொபைல் சார்ஜர் எல்லாம் அதிலேயே தொங்குகின்றன. பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

அயனின் முனை 300 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும். ஆனால் சத்தம் கிடையாது, வெளிச்சம் கிடையாது. கொதிக்கிற அயனும் ஆறிப்போன அயனும் பார்வைக்கு ஒன்றுதான். யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போனால், அணைத்தோமா இல்லையா என்பது நமக்கே நினைவிருக்காது. எனவே மேசைக்கென்று தனியாக ஒரு கன்ட்ரோல் போர்டு செய்துகொள்ளுங்கள்.

போர்டின் தலைவாசலில் இருக்க வேண்டியது 6 ஆம்பியர் டபுள் போல் எம்சிபி. பேஸ், நியூட்ரல் இரண்டையும் அது ஒருசேரத் துண்டிக்கும். அதை அடுத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லையென்றால் அது உடனே விழுந்துவிடும். உங்கள் உடல் வழியாக மின்சாரம் தரைக்குப் பாய்ந்தால் காப்பாற்றுவது இதுதான். ஆனால் ஒரு கை பேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் ஆர்சிசிபிக்கு அது தெரியாது. ஆகவே அது இருக்கிற தைரியத்தில் கவனத்தைக் கைவிடக் கூடாது. அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

அயனுக்குத் தனி சாக்கெட், தனி சுவிட்ச், பக்கத்திலேயே சிவப்பு இண்டிகேட்டர். அறை வாசலில் நின்று பார்த்தாலும் அது கண்ணில் பட வேண்டும். அதே சுவிட்சில் ஒரு 12 வோல்ட் அடாப்டரையும் சேர்த்து, பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை ஓட விடலாம். அயன் சூடாகும்போதே ஃபேனும் சுழலும். பிளக்ஸ் புகை மூச்சுக்குள் போகாமல் ஜன்னல் பக்கம் போகும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்தப் புகை ஆகவே ஆகாது.

ரிப்பேர் செய்பவர்களுக்கு சீரிஸ் பல்பு கட்டாயம் வேண்டும். 100 வாட் குண்டு பல்பு ஒன்றை, சோதிக்கும் சாக்கெட்டுக்குப் போகும் பேஸ் ஒயரில் தொடராக இணைக்க வேண்டும். சாதனம் முழு ஷார்ட்டில் இருந்தாலும் 230 வோல்ட்டில் சுமார் 0.43 ஆம்பியருக்கு மேல் ஓடாது. பல்பு பளிச்சென்று எரியும். ஃபியூஸ் போகாது, புதிதாகப் போட்ட டிரான்சிஸ்டரும் பெரும்பாலும் தப்பிக்கும். நல்ல நிலையில் இருக்கும் சிறிய பவர் சப்ளை என்றால் பல்பு ஒரு கணம் மின்னி மங்கிவிடும். ஊரில் உள்ள ரேடியோ மெக்கானிக்குகள் பல காலமாக நம்பியிருக்கும் உத்தி இது. ஆனால் பல்பு ஷாக்கைத் தடுக்காது என்பதை மறக்க வேண்டாம்.

சுவிட்சுகள் எல்லாம் பேஸ் ஒயரில்தான் இருக்க வேண்டும். சுவிட்ச் நியூட்ரலில் இருந்தால், அணைத்த பிறகும் சாதனத்துக்குள் மின்சாரம் காத்திருக்கும். எர்த் ஒயர் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் போக வேண்டும். உலோகப் பெட்டி என்றால் அதற்கும் எர்த் வேண்டும்.

பள்ளி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வரைபடம் போடுங்கள், பெட்டியில் துளை போடுங்கள், பெயர் எழுதி ஒட்டுங்கள். 230 வோல்ட் இணைப்பை மட்டும் அனுபவமுள்ள எலக்ட்ரீஷியனிடம் விட்டு, கூடவே நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த கிட்டுக்கு என்று சேர்த்து வைத்திருக்கும் பணத்தில் முதலில் இந்தப் போர்டைச் செய்து முடியுங்கள். செய்தவர்கள் படமும் வரைபடமும் அனுப்புங்கள். மற்ற வாசகர்களுக்கும் அது பயன்படும்.

அன்புடன்,
ஆசிரியர்