கைக்கு ஓர் ஓரம் வேண்டும்: மின்நூல் வாசகர்களின் கொள்கைப் பிரகடனம்

ஓலைச்சுவடியைக் கையிலெடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கயிறு கோக்கத் துளையிட்ட இடத்தைச் சுற்றி எழுத்து இராது. இரு முனைகளிலும் விரல் பதியக் கொஞ்சம் ஓலையை வெறுமையாக விட்டிருப்பார்கள். அச்சு வந்த பிறகும் அந்த ஏற்பாடு மாறவில்லை. பக்கத்தின் நான்கு புறமும் வெள்ளை ஓரம் விட்டுத்தான் அச்சுக்கோத்தார்கள். வாசகரின் கட்டைவிரல் அங்கேதான் தங்கும். எழுத்து கண்ணுக்கு, ஓரம் கைக்கு என்று சுவடி எழுதியவர்களும் அச்சகத்தாரும் பாகம் பிரித்துக் கொடுத்திருந்தார்கள்.

மின்நூல் கருவி செய்கிறவர்களில் பலர் அந்தப் பாகத்தைக் கையிடமிருந்து பறித்துவிட்டார்கள். கண் படிக்கிற அதே பரப்பைத்தான் விரலும் தொட வேண்டும் என்கிறார்கள். இதை நாங்கள் ஏற்கவில்லை. வாசிப்புக் கருவியில் கைக்கென்று தனியிடம் வேண்டும். அவ்விடத்தில் அழுத்தினால் அழுங்குகிற, அழுங்கியதை விரல் அறிகிற பொத்தான் வேண்டும். இதுவே எங்கள் கொள்கை. இதை முன்வைத்து இந்த இயக்கத்தை இன்று தொடங்குகிறோம்.

தாம்பரம் கடற்கரை மின்சார ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் நாவல் படிப்பவர்கள் எங்களில் உண்டு. பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே படிக்கும் தாய்மார் உண்டு. வலது கை சோற்றிலும் இடது கை புத்தகத்திலுமாக வளர்ந்தவர்கள் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் வாசிக்கும் நேரத்தில் இருப்பது ஒரே ஒரு கை. பெரும்பாலான தொடுதிரைக் கருவிகளில் இடது ஓரத்தைத் தொட்டால் முந்தைய பக்கம் வந்துவிடும். அடுத்த பக்கம் போக வேண்டுமென்றால் இடது கட்டைவிரல் வரிகளின்மேல் நீண்டு திரையின் நடுவைத் தொட வேண்டும், அல்லது திரையை இழுத்துத் தள்ள வேண்டும். கருவியைத் தாங்கிக்கொண்டிருப்பதும் அதே விரல்தான். ஒவ்வொரு முறையும் பிடி தளர்கிறது, பார்வை வரியை விட்டு விரலுக்குப் போகிறது. ஒரு பெரிய நாவலுக்குள் இது பல நூறு முறை நடக்கிறது.

பொத்தானுக்கும் தொடுதிரைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே வரியில் சொல்லிவிடலாம். பொத்தானில் தொடுவது வேறு, அழுத்துவது வேறு. தொடுதிரையில் இரண்டும் ஒன்று. பொத்தான்மேல் விரலை வைத்தபடியே பத்துப் பக்கம் படிக்கலாம். அழுத்தும்வரை எதுவும் நடக்காது. தொடுதிரைமேல் விரலை ஓய்வாக வைக்கவே முடியாது. பட்ட இடத்தில் பக்கம் ஓடும், அல்லது ஏதோ ஒரு சொல் தேர்வாகி அகராதி திறந்துகொள்ளும். வாசகரின் கை எந்நேரமும் திரையைத் தொடாமல் ஒதுங்கியே இருக்க வேண்டியிருக்கிறது. புத்தகத்தைத் தொடக் கூடாது என்று எந்த நூலகமும் எங்களிடம் சொன்னதில்லை.

கைபேசியில் தொடுதிரை நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்பவர்களுக்குத் திரையின் இயல்பை எடுத்துச் சொல்ல வேண்டும். மின்நூல் கருவிகளில் இருப்பது இ-இங்க் திரை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் நடந்த ஆய்விலிருந்து 1997இல் பிறந்த நிறுவனத்தின் கண்டுபிடிப்பு அது. திரைக்குள் நுண்ணிய குமிழிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழிக்குள்ளும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் மிதக்கின்றன. மின்புலத்தை மாற்றினால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். மேலே வந்த துகள் மின்சாரம் நின்ற பிறகும் அங்கேயே நிற்கும். அதனால்தான் இந்தக் கருவி காகிதம்போல் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. மின்கலம் வாரக்கணக்கில் தாங்குகிறது. ஆனால் துகள்கள் திரவத்தில் நகர்ந்து வர நேரம் எடுக்கும். விரல் பட்டதும் ஒரு கணம் எதுவும் நடவாததுபோல் திரை சும்மா இருக்கும். தொட்டது பதிந்ததா இல்லையா என்று தெரியாமல் மறுபடி தொடுவோம். இரண்டு பக்கம் தாண்டிவிடும். பொத்தான் இப்படிச் செய்யாது. திரை மாறுவதற்கு முன்பே, அழுங்கிய அந்த நொடியில், “கேட்டுக்கொண்டேன்” என்று விரலுக்குப் பதில் சொல்லிவிடும். கைபேசியைவிட மின்நூல் கருவிக்குப் பொத்தான் அதிகம் தேவைப்படுவது இதனால்தான்.

இத்தகைய கருவியை முதலில் செய்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. 2004இல் ஜப்பானில் சோனி வெளியிட்ட லிப்ரியே கருவியில் பொத்தான்கள் இருந்தன. 2007 நவம்பரில் 399 டாலருக்கு வந்த அமேசானின் முதல் கிண்டிலில் இரு பக்கமும் நீளமான பொத்தான்கள் இருந்தன. அவை அளவுக்கு மீறிப் பெரியவை. கருவியைத் தூக்கினாலே பக்கம் புரண்டது என்று வாசகர்கள் குறைப்பட்டார்கள், அது நியாயமான குறை. 2009இல் வந்த அடுத்த கிண்டிலில் பொத்தானைச் சிறிதாக்கிச் சரிசெய்தார்கள். தொடுதிரையோ தொடக்கத்தில் கண்ணுக்கே கேடாக வந்தது. 2008இல் சோனி தன் கருவியில் எழுத்துக்கு மேல் ஒரு தொடு அடுக்கைப் போர்த்தியது. ஒளி பிரதிபலித்தது, எழுத்து மங்கியது. அந்த அடுக்கை நீக்கி அகச்சிவப்புக் கதிரால் விரலை அறியும் முறைக்கு மாற அவர்களுக்கு 2010 ஆயிற்று.

எங்களை அதிகம் வருத்துவது அடுத்து நடந்தது. 2011இல் அமேசான் விளம்பரத்தோடு கூடிய இரண்டு மலிவுக் கருவிகளை அறிவித்தது. பொத்தான் கிண்டில் 79 டாலர், தொடுதிரைக் கிண்டில் 99 டாலர். அன்று பொத்தான் ஏழைக்கும் எட்டும் பொருள். 2014இல் மலிவுக் கிண்டிலும் தொடுதிரையாக மாறியது. 2016இல் பொத்தான் திரும்பி வந்தபோது ஒயாசிஸ் என்ற பெயரில் வந்தது; விலை 289.99 டாலர். ஐந்தே ஆண்டில், எல்லோருக்கும் இருந்த ஒன்று வசதி உள்ளவர்களுக்கான அணிகலனாகிவிட்டது. 2024இல் ஒயாசிஸையும் நிறுத்தினார்கள். அந்த ஆண்டு வந்த புதிய கிண்டில் வரிசையில் ஒன்றில்கூடப் பக்கம் புரட்டும் பொத்தான் இல்லை.

இது தமிழ் வாசகரை நேராகத் தொடும் செய்தி. தமிழ் நூல்களை மின்வடிவில் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கல் நாளில் தொடங்கியதிலிருந்து திரையில் தமிழ் படிக்கும் ஒரு கூட்டம் வளர்ந்து வந்திருக்கிறது. 2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளின் நூல்கள் கிண்டிலுக்கு வந்த பிறகு, அச்சில் கிடைக்காத எத்தனையோ நூல்கள் அங்கே மட்டும் கிடைக்கும் நிலை உருவாகியிருக்கிறது. கிண்டிலுக்கென்று பூட்டுப் போட்டு விற்கப்படும் மின்நூலை மற்ற நிறுவனங்களின் பெரும்பாலான மின்நூல் கருவிகளில் திறக்க முடியாது. ஆகவே புத்தகத்தை வாங்கும்போதே கருவியையும் தேர்ந்துவிடுகிறோம். கருவியில் பொத்தான் இல்லையென்றால் தமிழ் வாசகருக்குப் போக்கிடம் இல்லை. தமிழ் எழுத்துக்குச் சுழியும் கொம்பும் தெளிய அளவு கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். சொற்களும் விகுதி சேர்ந்து சேர்ந்து நீளும். ஆறு அங்குலத் திரையில் நமக்கு அடங்கும் சொற்கள் குறைவு. புரட்டும் வேலை நமக்கு அதிகம்.

இனி விரல்களைப் பற்றி. இப்போதைய தொடுதிரை பெரும்பாலும் தோலின் மின்தன்மையை வைத்தே விரலை அறிகிறது. காய்ப்பேறிய விரலை, வயதால் உலர்ந்த விரலை, கட்டுப்போட்ட விரலை அது சில நேரம் விரலாகவே கொள்வதில்லை. வியர்வைத் துளியையும் மழைத்துளியையும் விரலென்று எடுத்துக்கொள்கிறது. எங்களில் ஒருவருடைய தந்தை தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், பார்க்கின்சன் நோயாளி. கனமான புத்தகத்தைத் தூக்க முடியாது என்பதால் மகள் ஒரு தொடுதிரைக் கருவி வாங்கிக் கொடுத்தார். நடுங்கும் விரல் ஒரு முறை தொட நினைத்தால் மூன்று முறை படும். பக்கங்கள் ஓடும், எழுத்து பெரிதாகும், கேட்காத பட்டியல்கள் திறக்கும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்துவிட்டார். “படிக்கத் தெரியுதும்மா, பக்கம் திருப்பத்தான் வரமாட்டேங்குது” என்றார். யாரோ பயன்படுத்திவிட்டுப் போட்ட பழைய பொத்தான் கருவி ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொடுத்த பிறகு, கட்டைவிரலைப் பொத்தான்மேல் ஊன்றி வைத்துக்கொண்டு படிக்கிறார். அது பழுதாகும் நாளை நினைத்து அந்த வீட்டில் கவலைப்படுகிறார்கள். அறுபது ஆண்டு வாசித்த ஒரு மனிதரைப் படிப்பிலிருந்து விலக்கி வைத்தது நோய் மட்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. கருவியைச் செய்தவர்கள் அவருடைய கையை நினைத்துப் பார்க்கவில்லை.

பொத்தான் வைத்தால் தண்ணீர் புகும் என்கிறார்கள். 2017இல் வந்த ஒயாசிஸும் 2019இல் வந்த கோபோ நிறுவனத்தின் லிப்ரா எச்2ஓவும் பொத்தானோடுதான் ஐ.பி.எக்ஸ்.8 நீர்த்தடுப்புத் தரம் பெற்றன. விலை கூடும் என்கிறார்கள்; 79 டாலர் கருவியை மேலே சொல்லிவிட்டோம். தேய்ந்துபோகும் என்கிறார்கள். தேயும், உண்மைதான். தேய்ந்த பாகத்தை மாற்றக் கொடுங்கள். கோபோ 2024இல் பழுதுபார்ப்புக்கு உதவும் ஐஃபிக்ஸிட் நிறுவனத்தோடு சேர்ந்து தன் புதிய கருவிகளுக்குப் பழுதுபார்க்கும் வழிகாட்டியும் உதிரிபாகமும் கிடைக்க ஏற்பாடு செய்தது. அவற்றில் பொத்தான் உள்ள லிப்ரா கலரும் ஒன்று. பாக்கெட்புக், நூக் ஆகியவற்றின் வரிசைகளிலும் பொத்தான் உள்ள கருவிகள் வந்திருக்கின்றன. முடியாத ஒன்றை நாங்கள் கேட்கவில்லை.

தொடுதிரையை விட்டுக் கைக்கு எட்டும் பொத்தானுக்குத் திரும்பும் திருத்தம் மற்றத் துறைகளில் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். விசாரணை சுட்டிய காரணங்களில் வேகத்தையும் திசையையும் ஆளும் தொடுதிரையும் ஒன்று. 2019இல் அமெரிக்கக் கடற்படை வேகக் கட்டுப்பாட்டுக்குத் தொடுதிரையை விட்டுக் கைப்பிடிக்கே திரும்ப முடிவெடுத்தது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் முழு மதிப்பெண் பெற வேண்டுமானால் ஒலிப்பான், துடைப்பான், திரும்பும் விளக்கு போன்றவற்றுக்குக் கையால் இயக்கும் பொத்தானோ நெம்புகோலோ வேண்டும் என்று விதி வகுத்திருக்கிறது. புத்தகத்தில் உயிர் போகாது. ஆனாலும் கண் ஒரு வேலையில் இருக்கும்போது கை தன் வேலையைத் தானே செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்ற காரணம் அங்கும் இங்கும் ஒன்றே.

தொடுதிரையை நாங்கள் ஒழிக்கச் சொல்லவில்லை. அகராதி பார்க்க, அடிக்கோடிட, குறிப்பெழுத அதுதான் வசதி. எங்கள் கோரிக்கை இவ்வளவே. ஒவ்வொரு நிறுவனமும் தன் வரிசையில் குறைந்தது ஒரு பொத்தான் கருவியை வைத்திருக்க வேண்டும். அதுவும் மலிவான வரிசையில் வைக்க வேண்டும். இடக்கைக்கும் வலக்கைக்கும் பொருந்துமாறு எந்தப் பொத்தான் முன்னே போகும், எது பின்னே போகும் என்பதை வாசகர் மாற்றிக்கொள்ள வழி வேண்டும். படிக்கும்போது தொடுதிரையை அணைத்து வைக்கும் வசதி எல்லாக் கருவியிலும் வேண்டும். தேய்ந்த பொத்தானை உள்ளூர்க் கடையில் மாற்றிக்கொள்ள உதிரிபாகம் கிடைக்க வேண்டும். பொது நூலகங்கள் மின்நூல் கருவி வாங்கினால் அவற்றில் ஒரு பகுதியாவது பொத்தான் உள்ளதாக இருக்க வேண்டும். முதியோரும் நோயாளிகளும் அங்கேதான் வருகிறார்கள்.

எங்கள் பங்குக்கு நாங்களும் உறுதி எடுக்கிறோம். வேலை செய்யும் பழைய பொத்தான் கருவியைக் குப்பைக்கு அனுப்ப மாட்டோம். மின்கலம் மாற்றி, துடைத்து, தேவைப்படுகிறவர் கையில் சேர்ப்போம். நிறுவனங்களின் வாசகர் சேவைக்கு இதே கோரிக்கையைத் தமிழில் எழுதுவோம், பதில் வரும்வரை எழுதுவோம்.

வாசகரே, உங்கள் வீட்டு அலமாரியில் அப்படியொரு பழைய கருவி உறங்கிக்கொண்டிருக்கலாம். இன்றைக்கே எடுத்து மின்னேற்றிப் பாருங்கள். உயிர் இருந்தால், நடுங்கும் கையோடு படிக்க ஏங்கும் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். புதிய கருவி வாங்கப் போகும்போது விற்பவரிடம் முதலில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: “இதுல பக்கம் திருப்ப பட்டன் இருக்கா?”